கோரையெல்லாம் கிழங்குக் கோரையா?

கோரை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது அதன் கிழங்கே. நாட்டு மருந்துக் கடைகளில் மணம் வீசும் முத்தக்காசு அதுதான். கோரை கிழங்கினால் பரவும். ஆழத் தோண்டி எடுத்தாலன்றி ஒழியாது. வகுப்பில் நாம் இவ்வாறே கற்பிக்கிறோம். யானும் பல்லாண்டுகள் இவ்வாறே கற்பித்து வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் மழைநீர் தேங்கும் தாழ்ந்த பாத்திகளில் கோரை மண்டியது. மாணவரைக் கொண்டு ஒரு முழ ஆழத்திற்கு மண்ணைக் கிளறச் செய்தேன். "ஐயா, இதற்குக் கிழங்கே இல்லையே!" என்று ஒரு மாணவி செடியைத் தூக்கிக் காட்டினாள். "அறுந்து மண்ணுக்குள் தங்கியிருக்கும், நன்றாகத் தோண்டு" என்றேன். மூன்று வாரங்கள் சென்றன. கிளறிய பாத்தி முழுவதும், நாற்றங்காலில் விதை பாவியதுபோல், முன்னினும் அடர்த்தியாகக் கோரை முளைத்து நின்றது. அம்மாணவி கூறியதே மெய். தவறு என்னுடையது.

அச்செடி கிழங்குக் கோரை அன்று. அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று. தாவரவியலார் அதனைச் சைப்பிரஸ் இரியா என்பர். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு இட்ட பெயர் அது. வெப்ப நாடுகளின் நெல்வயல்களில் பெரிதும் காணப்படுவதால், இக்கட்டுரையில் வயற்கோரை என்று வழங்குவேன். இத்தகைய செடிகளை "ஓராண்டுத் தாவரம்" என்று பாடநூல்கள் குறிக்கும். ஆயினும் இஃது ஓராண்டு முழுதும் வாழ்வதில்லை. சில திங்களில் முளைத்து, பூத்து, விதை சிந்தி மடிந்துவிடும். "ஒருபருவச் செடி" என்றால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

இதனைப் புல் என்று அழைக்கலாமா என்னும் ஐயம் தமிழாசிரியருக்கு எழும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கின்றது. அப்பகுப்பின்படி தென்னையும் பனையும்கூடப் புல்லே. கோரைக்கும் அங்கே இடம் உண்டு. இக்காலத் தாவரவியல் புல் குடும்பத்தை அதனினும் குறுக்கிக் கொண்டு, கோரைக்குத் தனிக் குடும்பம் வகுத்துள்ளது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பிழை என்னல் ஆகாது.

வேறுபாட்டைக் கையாலேயே அறியலாம். புல்லின் தண்டு உருண்டையாய், கணுக்களோடு கூடி, பெரும்பாலும் உள்ளே துளையுடையதாய் இருக்கும். வயற்கோரையின் தண்டு கணுவின்றி, உள்ளீடு நிறைந்து, கூரிய மூன்று பட்டைகளோடு நிற்கும். புல்லின் இலைகள் இரு வரிசையாகவும் கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் அமைந்திருக்கும். கோரையின் இலையடி, பிளவற்ற குழல்போல் தண்டைச் சூழ்ந்திருக்கும். வயற்கோரை பெரும்பாலும் முழங்கால் உயரமே வளரும். வேர்கள் குட்டையானவை, மஞ்சள் கலந்த செந்நிறமுள்ள சல்லிவேர்கள். கிழங்கும் இல்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டும் இல்லை. உச்சியில் இலைபோன்ற சில மடல்கள் விரிய, அவற்றின் நடுவே குடைக்கம்பிகள்போல் காம்புகள் பிரிந்து, மஞ்சள்பழுப்பு நிறச் சிறு கதிர்களைத் தாங்கும்.

கிழங்கில்லாத செடி அடுத்த பருவத்திற்கு எவ்வாறு பிழைத்துச் செல்கிறது? விதையாலேதான். ஒரு செடி 5,000 விதைகள் வரை தரக்கூடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் முப்பட்டை மணி. அத்துணைச் சிறு மணிக்குள் அடங்கும் உணவும் சிறிதே. ஆழத்திலிருந்து மண்ணைத் துளைத்து மேலெழ அதற்கு வலிமை இல்லை. ஆகவே ஒளி பட்டால்தான் அது நன்கு முளைக்கும். ஒரு சென்டிமீட்டர் மண் மூடினாலே முளைப்பது அரிது. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை வயற்கோரைக்கும் அதன் உறவான வேறிரு கோரைகளுக்கும் காட்டியது. எங்கள் பாத்தியில் நிகழ்ந்ததன் காரணம் இப்போது விளங்கும். புதைந்து கிடந்த விதைகளை நானே வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தேன்.

தேங்கிய நீரும் அவ்விதைகள் முளைப்பதைத் தடுக்கும். இச்செடி ஈரநிலத்தை விரும்பும். ஆனால் முளைக்கும் வேளையில் மண் ஈரமாக இருக்க வேண்டுமே தவிர நீருக்கடியில் இருத்தல் கூடாது. கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் பரப்புள்ள மூடா வயல்களில் இந்நுட்பம் பெரிதும் பொருள்படும். 1970ஆம் ஆண்டில் அங்கு இருபோகச் சாகுபடி தொடங்கியபோது நாற்று நடுவதே வழக்கம். வளர்ந்த நாற்று நீரில் நிற்கும். அந்நீரே கோரை விதைக்குப் பூட்டு. 1980ஆம் ஆண்டுகளில் நடவாள் கிடைப்பது அருகியதால் நேரடி விதைப்பு பரவியது. நெல்விதை முளைக்க நீரை வடிக்க வேண்டும். வடித்ததும் கோரைக்குப் பூட்டுத் திறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நாளில் ஓட்டத்தைத் தொடங்குகின்றன. வெயிலும் வெப்பமும் மிகுந்த இடத்தில் நெல்லைவிடத் திறமையாக உணவு சமைக்கும் ஒளிச்சேர்க்கை முறை வயற்கோரைக்கு உண்டு. ஒரு திங்கள் அளவிலேயே பூக்கவும் தொடங்கும். நெல் அறுவடைக்கு முன்பே அதன் விதை மண்ணில் உதிர்ந்திருக்கும்.

இக்களைச் செடிக்குள் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்ட ஒரு புதுமையையும் சொல்லாதிருக்க முடியவில்லை. பூச்சிகளின் உடலில் இளமைப் பருவத்தை நீட்டித்து வைக்கும் ஒருவகை ஹார்மோன் உண்டு. அது பூச்சிகளுக்கே உரியது என்று கருதப்பட்டது. 1988ஆம் ஆண்டில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தூங் என்பவரும் அமெரிக்க ஆய்வாளர் இருவரும், அதே ஹார்மோன் வயற்கோரையில் இருப்பதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இதனைத் தின்று வளர்ந்த வெட்டுக்கிளிக் குஞ்சுகள் உருக்குறையோடு வளர்ந்தன. பெண் வெட்டுக்கிளிகள் மலடாயின. தன்னைத் தின்னும் பகைவனின் உடல் மொழியிலேயே அச்செடி அவனுக்குப் பொய்ச்செய்தி அனுப்புகிறது!

கிழங்குக் கோரைக்கோ தோண்டுதல் தேவை. மேலே அறுத்தால் கிழங்கு மீண்டும் தழைக்கும். வயற்கோரைக்குப் பூக்குமுன் கையால் பிடுங்குதலே போதும். எங்கள் பாத்திகளில் இப்போது அப்படியே செய்கிறோம், மண்ணைக் கிளறுவதில்லை. ஒரே ஒரு செடியை மட்டும் தொட்டியில் விட்டுவைத்து, கதிர் முற்றுமுன் அறுத்துவிடுகிறோம். நான்காம் ஆண்டு மாணவர் அதன் தண்டை இரு விரலுக்கிடையே உருட்டிப் பார்ப்பர். அது உருளாது, மூன்று பட்டையும் விரலில் தட்டும்.