அவசரத்தின் நடுவே அமைதி

"நேரமில்லை" என்னும் சொல்லை உச்சரிக்காத நாவு இன்று எங்கே உள்ளது? வணிகருக்கு நேரமில்லை, அலுவலருக்கு நேரமில்லை, இல்லத்தரசிக்கும் நேரமில்லை. வைகறையில் கைபேசியோடு தொடங்கும் ஓட்டம் நள்ளிரவிலும் நிற்பதில்லை. வேலைகள் யாவும் முடிந்த பின்னர் அமைதியாக இருப்போம் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றோம். வேலையும் முடிவதில்லை; அமைதியும் வருவதில்லை.

இஸ்லாம் காட்டும் வழி வேறு. அலுவல்களைத் துறந்து கானகம் செல்லுமாறு அது பணிக்கவில்லை. திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயமான ஜுமுஆ, வணிகத்தை விட்டுத் தொழுகைக்கு வருமாறு அழைக்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும், இறைவனை மிகுதியாக நினைவுகூருமாறும் ஏவுகிறது. அமைதிக்குரிய இடம் அலுவல்களின் நடுவிலேயே அமைக்கப்பட்டுள்ளது என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

ஆனால் அந்தத் தொழுகையையே நாம் அவசரமாக நிறைவேற்றினால் என்னாவது? இதனைப் பிறரைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், அயலூரில் நிக்காஹ் ஒன்றிற்குச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்னும் பதற்றத்தோடு ளுஹர் தொழுகையை முன்னின்று நடத்தினேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியதும், முதியவர் ஒருவர் மெல்ல அருகில் வந்தார்.

"ஹஜ்ரத்! ருகூவில் ஒரு தஸ்பீஹைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் நிமிர்ந்துவிட்டீர்கள். ஸுஜூதிலும் அப்படியே. என் தொழுகை கூடுமா?"

அவர் என்னைக் குறை கூறவில்லை. தம் தொழுகையைப் பற்றியே கவலையுற்றார். நான் நாணித் தலை குனிந்தேன். ஏனெனில், மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாக நான் பாடம் சொல்லி வந்த நபிமொழிக்கே அன்று மாறு செய்திருந்தேன்.

புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி அது. ஒருவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்து தொழுதார். பின்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் கூறினார். பெருமானார் (ஸல்) அவர்கள் பதில் ஸலாம் கூறி, அவர் தொழவில்லையென்றும், திரும்பிச் சென்று தொழ வேண்டுமென்றும் பணித்தார்கள். மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. இதைவிடச் சிறப்பாகத் தமக்குத் தொழத் தெரியாது என்று அவர் கூறிய பின்னரே, முறையைக் கற்பித்தருளினார்கள். ருகூவில் உறுப்புகள் அமைதியுறும் வரை இருக்க வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். ஸுஜூதிலும், இரு ஸுஜூதுகளுக்கிடையிலான அமர்விலும் அவ்வாறே அமைதியுற வேண்டும் என்பது அப்போதனை.

இந்த அமைதிக்கு அங்கே ஆளப்பட்டுள்ள அரபுச் சொல் 'இத்மினான்' என்பதன் வினைவடிவமாகும். இறைவனை நினைவுகூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்று 13ஆம் அத்தியாயமான அர்ரஃது உரைக்கும் இடத்திலும் அதே சொல்லே வருகிறது. உடலுறுப்புக்கும் உள்ளத்திற்கும் ஒரே சொல்! நிலைகொள்ளாத உடலில் உள்ளம் எவ்வாறு நிலைகொள்ளும்? இவ்வமைதி ஷாஃபிஈ மத்ஹபில் ஃபர்ளு. ஹனஃபீ மத்ஹபில் வாஜிபு. குறைந்த அளவு, ஒரு தஸ்பீஹ் சொல்லும் நேரமே.

சாதாரண நாளொன்றின் ஃபர்ளான தொழுகைகள் 17 ரக்அத்துகள். அவற்றில் ருகூஉ 17, அதிலிருந்து நிமிர்ந்து நிற்பது 17, ஸுஜூது 34, இடையமர்வு 17. ஆக, நாளொன்றுக்கு 85 முறை சற்றே நின்று அமைதியுறுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். அந்த 85 வாய்ப்புகளையும் விரைந்து கடந்துவிட்டு, மன அமைதியை வேறெங்கோ தேடி அலைகின்றோம்.

இகாமத்தைச் செவியுற்றாலும் ஓடி வராமல் நிதானத்துடனும் கண்ணியத்துடனும் நடந்து வருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கிடைத்ததைத் தொழுது, தவறியதைப் பின்னர் நிறைவு செய்ய வேண்டும். இரவு உணவு பரிமாறப்பட்டிருக்கையில் தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டால், முதலில் உணவை உண்ணுமாறும் அருளினார்கள். உள்ளத்தை உணவிடம் விட்டுவிட்டு உடல் மட்டும் ஸஃப்பில் நிற்பதால் பயனென்ன?

அன்று அம்முதியவரோடு நின்று அத்தொழுகையை நிதானமாக மீண்டும் தொழுதேன். நான் பிடிக்க எண்ணிய பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் சென்றும் நிக்காஹ்வுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அன்பர்களே! இன்று பள்ளிவாசலில் ருகூவுக்குக் குனியும்போது, எலும்புகள் தத்தம் இடத்தில் அமரும் வரை பொறுத்திருங்கள். அங்கே பழகிய நிதானம் கடைக்கும், அலுவலகத்துக்கும், இல்லத்துக்கும் நம்மோடு உடன் வரும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் உறுப்புகளுக்கும் உள்ளங்களுக்கும் அமைதியை அருள்வானாக! ஆமீன்.