மாற்று இடுப்பு மூட்டும் தேகப் பயிற்சியும்

இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார்கள் என்று சொன்னால், "மாட்டு வண்டிக்கு அச்சு மாற்றுவது போலவா?" என்று கேட்பவர் நம் ஊர்ப் பக்கங்களில் இன்றும் உண்டு. உவமை அவ்வளவு பிழையன்று. தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டிருக்கிறது. இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் அப்பந்து சுழல்கிறது. தேய்மானத்தாலோ, முடக்குவாதத்தாலோ, எலும்பு முறிவினாலோ, இரத்த ஓட்டம் குன்றி எலும்பின் தலை நசிவதாலோ இம்மூட்டு கெடும்பொழுது, பந்தையும் கிண்ணத்தையும் செயற்கையாகச் செய்து வைக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர், சிறிய உலோகப் பந்தையும் உராய்வு குறைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தையும் வைத்துச் செய்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. இன்று திருப்பதியில் தேவஸ்தானத்தின் 'பர்டு' மருத்துவமனையிலும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது.

எனினும் வண்டி உவமை ஓரிடத்தில் நம்மை ஏமாற்றிவிடும். அச்சு மாற்றிய வண்டியை மாடு இழுத்துப் போகிறது. இங்கே மாடு எது? இடுப்பைச் சூழ்ந்த தசைகளே. வலிக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் நொண்டி நடந்தமையால் அவை மெலிந்திருக்கின்றன. போதாததற்கு, மூட்டை எட்டுவதற்காக வைத்தியர் அவற்றை விலக்கவோ அறுத்துத் தைக்கவோ நேர்கிறது. இத்தசைகளை மீட்பதற்கு மருந்து கிடையாது. பயிற்சி ஒன்றே வழி.

பாலசமுத்திரத்தில் நம் பெரியம்மா இருக்கிறார். வீட்டினுள் தமிழும் வாசலில் தெலுங்குமாக வாழும் குடும்பம். 2023-இல் அவருக்கு ஒரு மருத்துவமனையில் இச்சிகிச்சை நடந்தது. சிகிச்சையில் குறையொன்றுமில்லை. மறுநாளே எழுப்பி, வாக்கர் என்னும் நான்கு கால் சட்டத்தைப் பிடித்து நிற்கச் செய்தார்கள். பயிற்சிகளைத் தெலுங்கில் விரைவாகச் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அத்தாளைப் படித்துச் சொன்னவன் பேரன். வலி பொறுக்கும் அளவிற்குப் பாரத்தை ஊன்றி நடக்கலாம் என்னும் பொருளுடைய தொடரை அவன், "வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்க வேண்டுமாம், பாட்டி" என்று சொல்லிவிட்டான். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. இதனினும் பெரிய பிழைகளைக் கோப்புகளில் நாமே செய்திருக்கிறோம்.

பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முற்றம் முழுதும் நடந்தார். மாலையில் கால் வீங்கியது, பயம் பிடித்துக்கொண்டது, படுத்துவிட்டார். மருமகள்மார் இருவரும் உத்தமமானவர்கள். தண்ணீர்ச் செம்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். இவ்வாறு மூன்று வாரம் சென்றது. அந்த அன்பினால் விளையக்கூடிய தீங்கு அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அசையாத காலில் இரத்தம் உறையலாம். அவ்வுறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. படுக்கைப்புண் வரலாம், மார்பில் சளி கட்டலாம். தசை நாளுக்கு நாள் கரைவது உறுதி. விடுமுறையில் நாம் தில்லியிலிருந்து சென்றபோது, அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சித்தூரிலிருந்து பிஸியோதெரபி நிபுணர் ஒருவரை வரவழைத்தோம். நல்ல வேளையாகத் தமிழ் தெரிந்தவர். அவர் தொடங்கி வைத்த பயிற்சிகள் பார்வைக்கு மிக எளியவை. முதலாவது, படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைத்தல். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அடுத்து, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துதல். பிட்டத் தசைகளையும் அவ்வாறே இறுக்கித் தளர்த்த வேண்டும். குதிகாலைப் படுக்கையில் உரசியவாறே மெல்ல உடலை நோக்கி இழுப்பது பிறகு வருவது. இவற்றைப் பத்துப் பத்து முறையாக நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யச் சொன்னார்.

எல்லாவற்றினும் அவர் வற்புறுத்தியது காலைப் பக்கவாட்டில் விலக்கும் பயிற்சியை. காரணத்தைச் சொல்லுகிறோம். நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலிலே நிற்கிறோம். அப்பொழுது உடலின் பாரம் மறுபுறம் சாயப் பார்க்கிறது. நிற்கும் காலின் பக்கத்து இடுப்புத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்கின்றன. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் தொங்கும் கை நீளம். தசை இழுக்கும் கையோ குறுகியது. ஆகையால் தசை மிகுந்த வலுவுடன் இழுத்தாக வேண்டும். அந்தக் கணத்தில் மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் இரண்டு மடங்கிற்கு மேற்பட்டது. தசை தளர்ந்திருந்தால் இடுப்பு மறுபுறம் சரிந்து நொண்டல் உண்டாகிறது. கைத்தடியை அறுவை நடந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஏற்றத்தின் நீண்ட கையைத் தாங்குவது போல, சிறிது ஊன்றினாலே பெரும் பாரம் குறைகிறது. நம்மவர் பலர் நோவுள்ள பக்கத்திலேயே தடியைப் பிடிக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முன்னே செல்ல வேண்டும். இறங்கும்போது அறுவை நடந்த காலும் தடியும் முன்னே செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிந்திய பயிற்சியையும் வைத்தியத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ளும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. 1954-இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. சித்தூரிலிருந்து வேலூர் தொலைவில்லை.

நம் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. உணவு, பூசை, அரிவாள்மணை யாவும் தரையிலே. மூட்டின் பின்புறமாக அறுவை செய்திருந்தால், முதற் சில வாரங்களுக்குத் தொடை 90 பாகைக்கு மேல் மடங்கலாகாது. கால்மேல் கால் போடுவதும், காலை உட்புறம் திருப்புவதும் ஆகா. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். முன்புறமாகச் செய்திருந்தால் கட்டுப்பாடுகள் வேறு. எது தமக்குரியது என்று வைத்தியரையே கேட்டறிக. உயர்ந்த நாற்காலி, கமோடு, வழுக்காத தரை ஆகியவற்றை நோயாளி வீடு திரும்புமுன் ஏற்பாடு செய்துகொள்வது நன்று. பெரியம்மா கமோடு நாற்காலியைக் கண்டு அழுதார். பத்து நாளில் அதுவும் பழகிவிட்டது.

வேற்று மாநிலத்தில் வசிக்கும் நேயர்கள் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், ஒவ்வொரு பயிற்சியையும் நோயாளியைக்கொண்டே செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்; அருகிலிருந்து தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். "எவ்வளவு வலி வரலாம், எப்பொழுது நிறுத்த வேண்டும்" என்பதையும் எழுதுக. பயிற்சியின்பின் சிறிது வலி இயல்பு, இளைப்பாறினால் தணியும். திடீரெனக் கடும் வலியெடுத்துக் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், தையலில் நீர் கசிந்து காய்ச்சல் கண்டாலும், மூச்சுத் திணறினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒரு வேண்டுதல் மிச்சமிருந்தது. அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேற வேண்டும். படிகளோ 3,500-க்கு மேல். வைத்தியர் இசையவில்லை. மலைக்குப் பேருந்திலே போகலாம், முதற் சில படிகளை மட்டும் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஏறி இறங்கலாம் என்றார். ஏழாம் மாதத்தில் அவர் பதினொரு படி ஏறினார். பன்னிரண்டாவது படியைப் பார்த்துக்கொண்டே நின்றவரைக் கையைப் பிடித்து இறக்கி அழைத்து வந்தோம்.