‘பெருசு’ என்று யாரை அழைக்கிறோம்?

சென்ற வாரம் கோவைக்கு அருகே ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் வாயிலில் தோழர்களோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஷிப்டு விட்டது. கும்பல் கும்பலாக வெளியே வந்தவர்களில் ஒருவர் மட்டும் தூக்குப் பாத்திரத்தைப் பிடித்தபடி, யாரோடும் பேசாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நரைத்த தலை. “யார் அவர்?” என்று கேட்டோம்.

“அந்தப் பெருசுங்களா? மில்லுல இருந்து வந்துதுங்க. பத்து நாளாச்சு. நாலு நாள் தாங்காதுன்னு நெனச்சோம்” என்றார் ஓர் இளைஞர். சிரிக்கவும் செய்தார். பெயரைக் கேட்டோம், தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் நம் சங்கத்தின் உறுப்பினர்!

தோழர்களே, அந்தச் சிரிப்பு நமக்குச் சுருக்கென்று தைத்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கோடு தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் நின்றன. ஊரடங்கு நீங்கியது, கடைவீதி திறந்தது, 1888-ல் பிறந்த ஸ்டேன்ஸ் மில் முதலான ஆலைகளின் தொழிலாளிகளோ, பழையபடி வேலை கிடைக்குமென்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். காத்திருந்து காத்திருந்து, ஐம்பதை நெருங்கும் வயதில், வேறு வாசலில் போய்ப் புது ஆளாக நிற்கிறார்கள். நேற்றுவரை ஓடும் கதிரில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டியவருக்கு, இன்று இருபத்தைந்து வயதுச் சூப்பர்வைசர் “இதுகூடத் தெரியாதா?” என்கிறார். அது முதலாளியின் குரல் என்று விட்டுவிடலாம். நாமும் அதே குரலில் பேசலாமா?

இளைஞர்களின் மனத்தில் ஒரு பயம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்ற நெருக்கடியில் வருகிறவர் கொடுத்த கூலிக்குச் சம்மதிப்பார், நம் கூலியும் அதனால் இறங்கும் என்ற பயம். ஆதாரமற்ற பயம் என்று நாம் சொல்லவில்லை. முதலாளியின் கணக்கே அதுதான்! ஆனால் அவரைத் தனியே ஒதுக்கி வைத்தால், நாளை வேலைநிறுத்தம் என்று வரும்போது அவர் யார் பக்கம் நிற்பார்? ஒதுக்கியவர்கள் பக்கமா?

பஞ்சாலையின் இரைச்சலில் இருபது வருஷம் நின்றவருக்குக் காது மந்தப்பட்டிருக்கும். பின்னாலிருந்து கத்தினால் கேட்காது. எதிரே வந்து முகம் பார்த்துச் சொன்னால் உதட்டசைவிலேயே பிடித்துக்கொள்வார். மில்லில் அப்படித்தான் பேசிப் பழக்கம். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து இயல்பு. சி.என்.சி. மெஷினின் திரையில் பொடி எண்களைப் பார்த்துத் தடுமாறுகிறவரை மக்கு என்று முடிவு கட்டாமல், ஒரு கண்ணாடிக்கு வழி செய்யுங்கள். பஞ்சுத் தூசி சிலருடைய நெஞ்சைப் பிடித்திருக்கிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் அது சோம்பல் அல்ல. தொடர்ந்து ‘முழு நைட்டு’ ஷிப்டையே அவர் தலையில் கட்டுவதை முதல் மாதத்திலாவது சங்கம் தட்டிக் கேட்கவேண்டும்.

பி.எப். விஷயம் இன்னும் முக்கியம். பழைய யு.ஏ.என். எண்ணைக் கொடுக்காமல் புது எண் போட்டுவிட்டால் மில் சர்வீஸ் தனியே நின்றுவிடும். அந்தப் பென்ஷன் திட்டத்தில் 58 வயதில் பென்ஷன் பெற 10 வருஷ சர்வீஸ் வேண்டும். பதிலியாகவே காலம் தள்ளி எட்டு வருஷம் மட்டும் பணம் கட்டப்பட்டவருக்கு, இரண்டு கணக்கும் சேர்வதும் சேராததும் முதுமைக் கஞ்சிப் பிரச்னை. ஆபீஸ் குமாஸ்தா இதைத் தானாகச் சொல்லமாட்டார். சங்கத் தோழர் ஒருவர் முதல் வாரமே கூட உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இதற்கென்று ‘வரவேற்புக் குழு’ அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுத்து, அத்தோடு கலைந்துபோகிற பழக்கமும் நமக்கு உண்டு. அது வேண்டாம்! பக்கத்து மெஷின்காரர் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். சாப்பாட்டு வேளையில் நம் பெஞ்சில் ஓர் இடம். கேண்டீன் டோக்கன், லீவு எழுதும் முறை, எந்த மெஷின் எப்போது கையைக் கடிக்கும் என்ற எச்சரிக்கை. இவற்றை யாரும் சொல்லித் தராததால்தான் புது ஆள் தவிக்கிறார்.

அவரிடமிருந்து நாம் பெறுவதும் உண்டு. 1946 ஜனவரி 8-ல் தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள். அந்த மரபில் கேட் கூட்டமும் வேலைநிறுத்தமும் கண்டு வந்தவர்களைத்தான் ‘பெருசு’ என்கிறோம். போனஸ் பேச்சுவார்த்தைக்கு முன் அவர்களிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள்.

அடுத்த மாதம் அதே வாயிலுக்கு மீண்டும் வருவோம். அந்த இளம் தோழர் அவரை அழைத்து வந்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார் என்று எதிர்பார்க்கிறோம். தேநீர் நம் செலவு.