மின் லாரி முதலில் துறைமுகத்துக்குள் ஓடட்டும்

எரியோடு, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஏற்றுமதி என்றால் தூத்துக்குடித் துறைமுகம்தான் கிட்ட. மின் லாரி என்றதும் துறைமுகத்துக்குப் போகும் நான்குவழிச் சாலையில் ஓடும் நெடுந்தூர வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மின்சாரம் முதலில் வர வேண்டிய இடம் துறைமுக வளாகம். கப்பலுக்கும் கன்டெய்னர் அடுக்குக்கும் இடையே டிரெய்லரை இழுக்கும் வண்டி வளாகத்தைத் தாண்டுவதில்லை. கிரேன் அடியில் வரிசையில் நிற்கும், பத்தடி நகரும், மறுபடி நிற்கும். நிற்கும்போதும் டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தப் புகையை ஷிஃப்ட் முழுக்கச் சுவாசிப்பவர்கள் கீழே நிற்கும் தொழிலாளர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. மின்மோட்டாரோ வண்டி நின்றால் தானும் நிற்கும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் தரும்.

சார்ஜ் ஏற நேரமாகுமே, கப்பல் காத்திருக்குமா என்று கேட்பது நியாயம்தான். மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இறக்கிய கனரக மின் லாரிகளில் பேட்டரியையே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். விலை அதிகம் என்பதும் உண்மை. அதற்காகவே மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நிலக்கரி மின்சாரம்தானே என்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் காற்றாலைக்கும் வெயிலுக்கும் குறைவில்லை, அனல்மின் நிலையத்திலிருந்து வந்தாலும், அந்தப் புகை கிரேன் அடியில் நிற்பவரின் மூக்கருகே கிளம்புவதில்லை. தூத்துக்குடியும் கன்டெய்னர் முனையங்களில் இருந்தே இதைத் தொடங்கலாம்.