ரொட்டி வருந்தாமல் இருக்க ஒரு துணி

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குப் போய்வந்த வாசகி ஒருவர், அங்கே வாங்கிய எம்பிராய்டரித் துணியைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். அது கையால் போட்டதா, மெஷினில் போட்டதா என்பது ஒன்று. நடுவில் ஆறுமுனை நட்சத்திரமும் ஓரத்தில் திராட்சைக் கொடியும் உள்ள அந்தத் துணி கைக்குட்டைக்குப் பெரிது, மேசைவிரிப்புக்குச் சிறிது. பின்னே எதற்கு என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதல் கேள்விக்கும் அர்த்தம் வரும்.

அது ரொட்டி மூடும் துணி. 'ஹல்லா' என்பது யூதர்கள் ஓய்வுநாளுக்குச் சுடும் ரொட்டி. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு ரொட்டிகள் வைத்து மேலே இந்தத் துணியைப் போர்த்துவார்கள். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்தபோது வானிலிருந்து மன்னா விழுந்தது என்றும், வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்தது என்றும் யாத்திராகமம் என்ற வேத நூல் சொல்கிறது. அதனால்தான் ரொட்டி இரண்டு. அந்த மன்னா கீழே ஒரு பனிப்படலம், மேலே ஒரு பனிப்படலம் என்று நடுவில் பத்திரமாக இருந்ததாம். கீழே விரிப்பு, மேலே மூடுதுணி என்ற ஏற்பாடு அந்த நினைவுதான்.

ஆனால் மூடுவதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். உலகத்துச் சமையலறைத் துணிகள் எதற்கும் இப்படியொரு காரணம் இருக்குமா என்பது சந்தேகமே. உபாகமத்தில் நல்ல தேசத்தின் விளைச்சல்கள் வரிசையாகச் சொல்லப்படும் இடத்தில் கோதுமை முதலில் வருகிறது. திராட்சை அதற்குப் பின்னால். அந்த வரிசைப்படி ஆசி கூறும்போதும் ரொட்டிக்கே முதலிடம். ஆனால் வெள்ளி இரவு அந்த நாளைப் புனிதப்படுத்தும் திராட்சை ரசக் கிண்ணத்தைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். மூத்தது மேசையில் காத்திருக்க, இளையதற்கு மரியாதை நடக்கிறது. அதைப் பார்த்து ரொட்டி வருந்தக்கூடாது என்று அதன் முகத்தை மூடிவிடுகிறார்கள்.

கல்யாணப் பந்தலில் பெரியப்பா உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டிப் போய் யாரோ ஒருவருக்கு முதல் தாம்பூலம் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் பல வருஷம் சமாதானம் பேசியதைப் பார்த்து வளர்ந்தவர் இக்கட்டுரையாளர். அவருக்கு இந்த மூடுதுணியின் நியாயம் உடனே பிடிபட்டது. உயிரில்லாத ரொட்டியிடமே இத்தனை பதமாக நடந்துகொள்பவன் மேசையைச் சுற்றியிருக்கும் மனைவி மக்களிடம் கடுஞ்சொல் பேசலாமா என்று யூத ஆசிரியர்கள் கேட்பதுண்டு. துணியில் போட்ட பூ அழகுக்கு மட்டுமல்ல. வாரம் ஒருமுறை ஒரு குடும்பத்தின் நடுவில் விரியப்போகும் துணி என்று தெரிந்தே ஒருத்தி ஊசி எடுக்கிறாள்.

மட்டாஞ்சேரியில் அப்படி ஊசி எடுத்தவர்களில் உலகம் அறிந்தவர் சாரா கோஹன். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகும் தெருவில், தம் வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருந்தார். ரொட்டித் துணிகளும், ஆண்கள் தலையில் வைக்கும் 'கிப்பா' குல்லாக்களும் அங்கே கிடைக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்ப்பதற்காகவே பயணிகள் வருவார்கள். இஸ்ரேல் உருவான பின், 1950களில் தொடங்கி, கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். சாரா போகவில்லை. 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில், மட்டாஞ்சேரியிலேயே காலமானார்.

அவருடைய கடையை இன்று நடத்துபவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவயதில் அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தபால் அட்டை விற்றவர். சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன் அவருக்குச் சரக்கு வைக்கத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். 1999இல் இறப்பதற்கு முன், சாராவைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடமே கேட்டுக்கொண்டார். தாஹா அந்த வேண்டுகோளைக் காப்பாற்றினார். மத ஒற்றுமைக்கு உதாரணமாக இதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. அதைவிடப் பெரிய விஷயம், கடை திறந்திருக்கிறது, துணி விற்கிறது என்பது. பிள்ளை இல்லாத ஒரு வீட்டின் கைவேலை, ரத்த உறவு இல்லாத ஒருவரால் தெருவிலேயே நிற்கிறது.

இனி முதல் கேள்வி. கைத்தையலா என்று அறிய, துணியைத் திருப்பிப் போட வேண்டும். முன்பக்கம் எல்லோருக்கும் காட்டுவது. வேலை எப்படி நடந்தது என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.

மெஷின் இரண்டு நூலில் ஓடுகிறது. மேலே வண்ண நூல், கீழே பாபின் நூல். பாபினில் பெரும்பாலும் மெல்லிய வெள்ளை நூலையே சுற்றியிருப்பார்கள். ஆகவே சிவப்பு இதழைத் திருப்பினால் இரு ஓரமும் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு. துணி சுருங்காமல் இருக்க அடியில் ஒட்டிய காகிதம் போன்ற பொருளின் மிச்சமும் தட்டுப்படும். கைத்தையலில் நூல் ஒன்றுதான். முன்னால் சிவப்பென்றால் பின்னாலும் சிவப்பு. செயின் ஸ்டிச் முன்பக்கம் சங்கிலியாக ஓடும். பின்பக்கம் சின்னச் சின்ன நேர்க்கோடுகளாகத் தெரியும். இதழை நிரப்பும் சாட்டின் ஸ்டிச் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்கும்.

கையால் தைப்பவர் நீளமான நூல் கோக்க மாட்டார், சிக்கிக்கொள்ளும். முழங்கையளவு தீர்ந்ததும் நுனியைப் பழைய தையல்களுக்கு அடியில் நுழைத்து முடித்துவிட்டுப் புதிதாகக் கோப்பார். அந்த நுனிகள் பின்பக்கத்தில் ஆங்காங்கே தெரியும். எங்கே நிறுத்தினார், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை வெட்டாமல் தாவினாரா, பொறுமையாக வெட்டி மறுபடி தொடங்கினாரா என்று தேர்ந்தவர்கள் படித்துவிடுவார்கள். பழைய தையல் டீச்சர்கள் பின்பக்கத்துக்கு மார்க் போட்டது இதனால்தான்.

நீலகிரியில் தோடர் பெண்கள் இதை இன்னொரு எல்லைக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூல்களால், கோடு வரையாமல், இழைகளை எண்ணியே போடும் 'புக்கூர்' வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பின்பக்கம் என்று ஒதுக்கும் சொரசொரப்பான பக்கத்தைத்தான் அவர்கள் சரியான பக்கமாக மதிக்கிறார்கள்.

மெஷின் வேலையில் பாவம் ஒன்றுமில்லை. அதைக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் தவறு. கைத்தையல் போடுகிறவரின் ஒரு வாரக் கூலியை அது ஒரே மணி நேரத்தில் பறித்துவிடுகிறது. ஆகவே வாங்குகிறவர் கூச்சப்படாமல் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைவேலை என்று உறுதியானால் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.

துணியை வாங்கினால் மட்டும் போதாது, அதன் கதையும் கூடவே வர வேண்டும். யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் ஏராளம். ஊரைவிட்டுப் போனவர்களும் 'தறவாடு' எனும் பழைய கூட்டுக்குடும்ப வீடுகளைப் பிரித்தவர்களும் விட்டுச்சென்ற பெட்டி, விளக்கு, உருளி எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு விலை உண்டு. எந்த வீட்டில், யார் கையில் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. பாட்டுகளின் கதை வேறு. கொச்சி யூதப் பெண்கள் ஊரைவிட்டுப் போகும்போது, விசேஷங்களில் பாடும் மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்த நோட்டுகளைக் கையோடு கொண்டுபோனார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் தேடிப்போனபோது, நோட்டோடு மெட்டும் தெரிந்த பாட்டிகள் இருந்ததால்தான் அந்தப் பாட்டுகள் 2004இல் ஒலிவட்டாக வெளிவர முடிந்தது.

நம் வீடுகளில் அறுபது, எழுபதுகளில் பெண்கள் ஆங்கர் நூலில் கிளி ஜோடியும் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' எழுத்தும் போட்ட தலையணை உறைகள் இன்றும் பீரோ அடியில் இருக்கின்றன. பிளாஸ்டிக் பைக்குள், பாச்சை உருண்டையோடு. போட்டவர் உயிரோடிருக்கும்போதே அதை வெளியே எடுத்து ஒரு பொங்கலுக்கு, ஒரு வளைகாப்புக்கு விரித்துவிட்டு, எந்த வயதில், யாருக்காகப் போட்டது என்று கேட்டு எழுதி வைக்கலாம். இதைக்கூடச் செய்யாமல் 'அம்மா ஞாபகம்' என்று பின்னால் சொல்வதில் என்ன இருக்கிறது?

பாதுகாப்பது கடினமில்லை. பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கொச்சி போன்ற கடலோர ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்துவிடும். துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைப்பதே நல்லது. கஞ்சி போட்டு வைத்தால் அதைத் தின்ன வெள்ளிமீன் பூச்சி வரும். மடிப்பை அவ்வப்போது மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரே கோட்டில் இழை அறும். சிவப்பு நூல் இருந்தால் முதலில் ஈரப் பஞ்சால் ஓரத்தில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, குளிர்ந்த நீரில் பிழியாமல் அலசி, நிழலில் உலர்த்தலாம். இஸ்திரி போடும்போது கனமான டவலின் மேல் முன்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டால் முடிச்சுகள் நசுங்காது.