சூடேறினால் கரைய மறுக்கும் பொருள்

ஆறிய பாலில் சர்க்கரை மெல்லக் கரையும்; சூடான பாலில் உடனே கரையும். இதற்கு நேர்மாறான பொருளும் உண்டு. அதன் பெயர் பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. பெயரைக் கண்டு பயந்துவிடாதீர்கள்!

இது ஒரு பாலிமர். சிறு மூலக்கூறுகள் மல்லிகைச் சரம்போல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. இச்சங்கிலியில் நீரை விரும்பும் பகுதியும் உண்டு, எண்ணெய்போல் நீரை வெறுக்கும் பகுதியும் உண்டு. குளிரில் முன்னதன் கை ஓங்கும். சங்கிலி விரிந்து நீரில் கரைந்திருக்கும். ஏறத்தாழ 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் பின்னதன் கை ஓங்கும். சங்கிலி சுருண்டு, கரைசல் பால்போல் வெளுக்கும். ஆறினால் மீண்டும் தெளியும். போடிமெட்டுக் குளிரில் தெளிவாக இருக்கும் கரைசல், 17 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சித்திரை வெயிலில் போடிக்கு வந்தால் வெளுத்துவிடும்!

நம் ஊர் மாந்தோப்புகளில் ஒட்டுக் கட்டுவதுபோல, இதை வேறொரு பாலிமரில் கிளையாக ஒட்டலாம். அடிமரம் நீரில் கரையும் இனமானால், சூட்டில் கிளைகள் மட்டும் சுருங்கி ஒன்றையொன்று பற்றும். அடிமரமோ நீரை விடாது. கரைசல் போதிய அளவு அடர்த்தியாக இருந்தால் கூழாகிவிடும்.

ஜப்பானில் டெருவோ ஒகானோவின் குழுவினர் இதைப் பிளாஸ்டிக் தட்டின்மேல் ஒட்டினர். 37 டிகிரியில் தட்டின்மேல் உயிரணுக்கள் பற்றி வளரும். குளிர்வித்தால் கிழியாமல் தாள்போல் கழன்றுவரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது.

கருவிழி பழுதுற்ற நால்வருக்கு, அவரவர் வாயின் உட்புறச் சவ்விலிருந்து இவ்வாறு வளர்த்த தாளைக் கண்ணில் பதித்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2004இல் வெளியிட்டனர். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது. அந்தத் தாளுக்குத் தையல்கூடத் தேவைப்படவில்லையாம்!