தறியில்லை, ஊசியில்லை, பத்து விரல்தான்: எருக்கலம்பிட்டிப் பாய் பற்றித் தெரியுமா?

ஒரு பனங்குருத்து தொழுகைப் பாயாக மாறுவதற்குள் எத்தனை வேலை நடக்கிறது தெரியுமா? மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பாய் இழைக்கும் பெண்களின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே மலைத்துப் போவீர்கள்! குருத்தோலையை விரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஈர்க்கை நீக்க வேண்டும். பிறகு ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும். அங்கே கை பிசகினால் பாய் கோணிப் போகும். அடுத்தது சாயம். கொதிக்கிற சாயத் தண்ணீரில் ஓலையை அமிழ்த்தி எடுத்து, சிவப்பு, பச்சை, ஊதா என்று உலர்த்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் இழைப்பே தொடங்குகிறது!

நிலத்தில் உட்கார்ந்து, ஓலை விறைத்தால் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, ஒன்றை மேலே விட்டு ஒன்றைக் கீழே விட்டு இழைக்கிறார்கள். எத்தனை ஓலைக்கு ஒரு நிறம் மாற வேண்டும் என்ற கணக்கு முழுவதும் மனதில். ஓர் ஓலை தப்பினால் பூ கலைந்துவிடும். பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போதும் அந்தக் கணக்குத் தப்புவதில்லை!

நபிகள் நாயகம் (ஸல்) ஓலைப் பாயில் தொழுதிருக்கிறார்கள், தெரியுமா? பேரீச்சை ஓலையில் பின்னிய சிறு பாயில் அவர்கள் தொழுததை மனைவி மைமூனா (ரலி) அறிவித்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நாட்பட்டுக் கறுத்துப்போன பாயொன்றில் தண்ணீர் தெளித்து, அதில் அவர்கள் தொழுததை நபித்தோழர் அனஸ் (ரலி) சொல்கிறார். பேரீச்சையும் பனையும் ஒரே தாவரக் குடும்பம்!

தொழுகைப் பாயில் உட்கார்ந்து, இறைத்துதியை எண்ணி உருட்டும் தஸ்பீஹ் மணி? சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. ஆரம்ப காலத்தில் பேரீச்சங்கொட்டையிலும் கூழாங்கல்லிலும் எண்ணியவர்கள் உண்டு. மணிக்கும் மன்னார்க் கரைக்கும் உறவு பழையது. தீவிலிருந்து பாலம் தாண்டினால் திருக்கேதீச்சரம். அதை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் கண்ணாடிக் குழலை இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, கடுகளவு மணிகள் செய்தார்கள். அப்படிப்பட்ட மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா வரை போயிருக்கின்றன!

மீண்டும் பாய்க்கு வருவோம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடும் பொருளும் ஊரில் கிடந்தன. தாயிடம் பழகிய கைவேலை கூடவே போனது. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்களோடு அதுவும் ஊர் வந்தது.

இப்போது மனதை உறுத்துவது கூலிதான். ஒரு பாய்க்கு இவ்வளவு என்று விலை பேசும்போது, இழைத்த நேரம் மட்டுமே கண்ணில் படுகிறது. ஓலை காய்ந்த நாளும், வார்ந்த பொழுதும், சாயத்துக்கும் விறகுக்கும் போன காசும் எங்கே? உலக நியாய வணிக அமைப்பின் 10 கொள்கைகளில் நியாயமான கொடுப்பனவும் ஒன்று. குருநாகல் பகுதியில் 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம் அந்த வழியில் கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்து வருகிறது. தறிக்குச் சரிவந்த கணக்கு ஓலைக்கும் சரிவரும்! மன்னார்ப் பக்கம் போனால், பிளாஸ்டிக் பாயின் விலையை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள். ஓலை எவ்வளவு, சாயம் எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்று இழைத்தவரிடமே கேட்டு, அவர் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.